சும்மாதான் வந்தோம்

“என்ன விஷயமா வந்திருக்கீங்க?”

ஜமுனாமரத்தூரைத் தாண்டி இருந்த ஒரு கூடாரத் தளத்தின் வாசலில், நோட்டுப் புத்தகத்தோடு நின்ற பையன் கேட்டான். பெயர், ஊர், கைபேசி எண், வண்டி எண், எத்தனை பேர் என்பதையெல்லாம் எழுதியாகிவிட்டது. கடைசிக் கட்டம் ‘வருகையின் நோக்கம்’. எங்களுக்கு முன்னால் வந்த குடும்பத்தை அவன் இதைக் கேட்கவில்லை. அவர்களுக்கு அவனே ‘டூர்’ என்று எழுதிக்கொண்டான். 52 வயதில் ஒருத்தி, 63 வயதில் ஒருத்தி, கூட ஆண் துணையும் இல்லை, பிள்ளைகளும் இல்லை என்றதும் பேனா நின்றுவிட்டது. “ஜென்ட்ஸ் பின்னாடி வர்றாங்களாம்மா?” என்று எட்டிச் சாலையைப் பார்த்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்.

“கோயிலுக்கு.”

“எந்தக் கோயிலும்மா?”

அண்ணி என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். பையன் பாவம், மேற்கொண்டு சங்கடப்படுத்தாமல் ‘கோயில்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

கூடாரத்துக்கு நடக்கும்போது, “ஏன் அண்ணி பொய் சொன்னீங்க?” என்று கேட்டேன். “பின்ன என்னான்னு சொல்றது? சும்மா வந்தோம்னா?” என்றார். ‘சும்மா’ என்ற சொல்லை அவர் உச்சரித்த விதத்தில் ஏதோ திருட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்ன மாதிரி இருந்தது.

அண்ணி என் கணவரின் அக்கா. சத்துணவு அமைப்பாளராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த 63 வருடத்தில் காரியம் இல்லாமல் அவர் எங்கேயும் போனதில்லை. கல்யாணம், சாவு, வளைகாப்பு, ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, பேங்க், கோயில் என்று எல்லாவற்றுக்கும் ஒரு காரியம் உண்டு. அண்ணன் இறந்த பிறகு இந்தப் பட்டியலிலிருந்து கல்யாணமும் வளைகாப்பும் கழன்றுவிட்டன. கூப்பிடுகிறார்கள், ஆனால் முன்வரிசையில் உட்காரச் சொல்வதில்லை. அதனால் போவதில்லை.

நான் மட்டும் என்ன யோக்கியம்? ஆபீசில் லீவு கேட்டபோது ‘காவலூர் வானாய்வகம் பார்க்கப் போகிறோம்’ என்றுதான் சொன்னேன். அறிவியல் என்றால் கௌரவமான காரணம். நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கப் போகிறேன் என்று சொல்ல எனக்கும் துணிச்சல் வரவில்லை.

கேட்டவர்கள் எல்லோரும் அதிர்ச்சியானது வேறொரு விஷயத்துக்கு. “நாத்தனாரோடயா? ரெண்டு நாளா?” சீரியல்கள் செய்த வேலை. 1909ஆம் ஆண்டு ஆலிஸ் ராம்சே என்ற 22 வயது அமெரிக்கப் பெண், நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவரை கார் ஓட்டிப் போனார். அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து வண்டி ஓட்டிய முதல் பெண் அவர்தான். 59 நாட்கள் ஆயின. பாதி வழிக்குச் சரியான சாலைகூடக் கிடையாது. கூடப் போனவர்கள் மூன்று பேர். ஒருத்தி தோழி. மற்ற இருவர் யார் தெரியுமா? ஆலிஸின் கணவரோடு பிறந்தவர்கள். இரண்டு நாத்தனார்கள்! அந்த மூவரில் யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. 59 நாள் அவர்களுக்குத் தாங்கியது என்றால் எங்களுக்கு இரண்டு நாள் தாங்காதா? நான் 47 வயதில் கார் ஓட்டப் பழகியவள். வேலூரிலிருந்து போளூர் வழியாக மலையேறும்போது ஒவ்வொரு வளைவிலும் அண்ணி மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு “முருகா” என்றார். அது ஒன்றுதான் எங்களுக்குள் நடந்த சண்டை.

வேடிக்கை பார்ப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். ஆனால் நம் வீடுகளில் பெண்ணைப் பொறுத்தவரை அது ஒரு வசவு. ‘அடுப்புல பால் பொங்குது, அங்க என்னாடி வேடிக்கை?’ என்று கேட்காத அம்மா உண்டா? ஆரணிப் பக்கம் எங்கள் வீட்டு வீதியில் மாப்பிள்ளை ஊர்வலம் போகும். பேண்டு சத்தம் கேட்டதும் அண்ணன் திண்ணைக்கு ஓடிவிடுவான். நான் வயதுக்கு வந்த பிறகு எனக்கு ஜன்னல் மட்டும்தான். அதிலும் கீழ்க்கதவைச் சாத்தி, மேல்கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். நான் முக்காலி மேல் ஏறி நின்று பார்ப்பேன். ஒருநாள் அம்மா அந்த முக்காலியை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார். என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. முக்காலியை மட்டும் எடுத்துவிட்டார்.

ஆண்கள் வேடிக்கை பார்க்க ஊரே இடம் கட்டி வைத்திருக்கிறது. டீக்கடை பெஞ்சு, மதகு, ஆலமரத்து மேடை, சலூன், பஸ் ஸ்டாண்டு. அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் ஆணை யாரும் ‘என்ன விஷயமா உக்காந்திருக்கீங்க?’ என்று கேட்பதில்லை. அதே பெஞ்சில் ஒரு பெண் பத்து நிமிடம் உட்கார்ந்தால், ‘யாருக்காச்சும் வெயிட் பண்றீங்களாம்மா?’ என்று மூன்று பேர் கேட்டுவிடுவார்கள். மும்பையை ஆராய்ந்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய ‘வொய் லாய்ட்டர்?’ என்ற புத்தகம் இதைத்தான் பேசுகிறது. காரணமே இல்லாமல் பொது இடத்தில் நேரம் போக்குவதும் பெண்ணின் உரிமைதான் என்கிறார்கள் அவர்கள். படிக்கும்போது எனக்கு அந்த முக்காலிதான் நினைவுக்கு வந்தது.

கூடாரத்துக்கு முன்னால் இரண்டு மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஜனவரிக் கடைசி. நான்கு மணிக்கே குளிர் காலில் ஏறியது. அண்ணி சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, தலையில் மங்கி குல்லா. ஃப்ளாஸ்கில் சுக்குக் காபி. உட்கார்ந்தோம்.

முதல் கால்மணி நேரம் அண்ணிக்குக் கை சும்மா இருக்கவில்லை. சால்வையை மடித்தார், பிரித்தார். டம்ளரைக் கழுவினார். “பூண்டு ஏதாச்சும் கொண்ணாந்திருந்தா உரிச்சுக்கினே பாத்திருக்கலாம்” என்றார். டிவி பார்க்கும்போதுகூட ஒரு முறம் கீரையோ அரைக் கிலோ வெங்காயமோ மடியில் இருந்து பழகிய கை. வேலையில்லாமல் உட்கார அதற்குக் கற்றுத்தர வேண்டியிருந்தது.

பிறகு ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அண்ணியின் கை நின்றுவிட்டது.

பதினோரு பேர். இரண்டு கார். சொந்தக் கூடாரம் கொண்டு வந்திருந்தார்கள். மூன்று ஆண்கள் அதை விரித்து வைத்துக்கொண்டு கைபேசியில் வீடியோ பார்த்தார்கள். ஒருவர் குச்சியைச் சொருகினார். இன்னொருவர் பிடுங்கினார். மூன்றாமவர் இருவருக்கும் ஆலோசனை சொன்னார். அந்த நேரத்துக்குள் அந்த வீட்டுப் பெண்களில் ஒருத்தர் இரண்டு மரங்களுக்கு இடையே கொடிக்கயிறு கட்டி, ஈரத் துண்டுகளைக் காயப்போட்டு, கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, குழந்தைக்குப் பால் காய்ச்சி முடித்திருந்தார். இரண்டு நாள் தங்குவதற்குக் கொடிக்கயிறு! நாங்கள் அவருக்குக் ‘கொடிக்கயிறு’ என்றே பெயர் வைத்தோம்.

பெயர் வைப்பது வேடிக்கையின் பாதி சுகம். அரைமணிக்கு ஒருமுறை வாளியோடு போய் வெந்நீர் கேட்டவர் ‘வெந்நீர் மாமா’. சிக்னல் தேடிக் கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு திரிந்த இளைஞன் ‘டவர்’. புதுமனைவியை ஒவ்வொரு மரத்தடியிலும் நிறுத்திப் படம் எடுத்தவர் ‘ஸ்டுடியோ’. அந்தப் பெண் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே மட்டும் நிஜமாகச் சிரித்தாள். அதை அவர் எடுக்கவே இல்லை. நாங்கள் மட்டும்தான் பார்த்தோம்.

கூடாரத் தளத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் ஒன்று புரிகிறது. இங்கே வீட்டுக்குச் சுவர் இல்லை. நான்கு சுவருக்குள் நடப்பதெல்லாம் புல்தரையில் பரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. யார் சமைக்கிறார்கள், யார் கழுவுகிறார்கள், யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள், யார் ‘தண்ணி’ என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டுகிறார்கள் என்பதெல்லாம் வெட்டவெளிச்சம். அன்று இரவு அந்தக் குடும்பத்தில் நான்கு பெண்களும் அடுப்பைச் சுற்றியே இருந்தார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு இட்லி, சாம்பார், இரண்டு சட்னி. வீட்டில் செய்வதைக் குளிரில், குனிந்து செய்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். “ரெஸ்ட் எடுக்க வந்தோம்க்கா” என்றார் கொடிக்கயிறு, மாவுக் கரண்டியோடு.

ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் ஒரு கணக்குச் சொன்னது. வீட்டுவேலை செய்யும் பெண்கள் சராசரியாக ஒரு நாளில் 299 நிமிடங்களைச் சம்பளமில்லாத அந்த வேலைக்குச் செலவிடுகிறார்கள். வீட்டுவேலையில் கைவைக்கும் ஆண்களுக்கு அது 97 நிமிடங்கள். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289. ஐந்து வருடத்தில் பத்து நிமிடம் மிச்சம்! அந்தப் பத்து நிமிடம் ஆண்கள் பக்கம் போயிருக்குமோ என்று பார்த்தால், அவர்களுக்கும் 97 நிமிடம் 88 ஆகக் குறைந்திருக்கிறது. அண்ணியிடம் இதைச் சொன்னபோது, “அந்தப் பத்து நிமிசத்துலதான் நம்ம இங்க வந்து உக்காந்துருக்கோம் போல” என்றார்.

சனிக்கிழமை காலை ஒரு வண்டி வந்தது. டெம்போ டிராவலரை வீடாக மாற்றியது. கேரள எண் பலகை. பக்கவாட்டில் ஒரு துணிப் பந்தல் இழுத்துக் கட்டினார்கள். தளமே திரும்பிப் பார்த்தது. கேரளாவில் 2021இல் ‘கேரவன் கேரளா’ என்று சுற்றுலாத் திட்டமே தொடங்கினார்கள். நமக்குக் கேரவன் என்றால் சினிமாதான். நட்சத்திரங்கள் ஏசி போட்டு உட்காரும் சொகுசு வண்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அண்ணி அப்படி நினைக்கவில்லை. வண்டியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “உள்ள பாத்ரூம் இருக்குதா?”

எந்தப் பெண்ணும் முதலில் இதைத்தான் கேட்பாள். கேரளாவில் 2017இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானது. படப்பிடிப்புத் தளங்களில் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இல்லாமல், தண்ணீர் குடிப்பதையே பெண்கள் தவிர்ப்பதை அது பதிவு செய்திருக்கிறது. வெளியூர்ப் பயணம் என்றால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைக்கும் நமக்கு இது ஒன்றும் புதுச் செய்தி இல்லை.

வண்டியிலிருந்து இறங்கிய அம்மாவுக்கு அறுபது இருக்கும். பந்தலின் கீழ் நாற்காலி போட்டு, காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு செய்தித்தாள் விரித்தார். கணவர் தேநீர் போட்டுக் கொடுத்தார். உப்புமா கிளறினார். பிறகு பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு பொதுக்குழாய்க்குப் போனார். வெந்நீர் மாமா வாளியோடு நின்று அவரையே பார்த்தார். கூடாரம் கட்டிய மூவரும் பார்த்தார்கள். அவர் நிதானமாகத் தேய்த்தார், அலசினார், கவிழ்த்து வைத்தார்.

“பாவம், ஏதோ தப்புப் பண்ணிட்டாரு போல” என்றார் அண்ணி ரகசியக் குரலில். எனக்குக் காபி புரையேறிவிட்டது.

எங்கள் சிரிப்பைப் பார்த்து அந்த அம்மாவே கையசைத்துக் கூப்பிட்டார். பாலக்காட்டுப் பக்கம். ஓய்வு பெற்ற நர்ஸ். முப்பது வருடம் நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்து காலையில் வீட்டுக்கும் சமைத்தவர். “வண்டி வாங்கினதும் ஒரே கண்டிஷன். வண்டி நான் ஓட்டுவேன், கிச்சன் அவருக்கு” என்றார். அண்ணி உள்ளே ஏறிப் பார்த்தார். பாத்ரூம் கதவைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். இறங்கும்போது ஒன்றும் பேசவில்லை. அரைமணி கழித்து, “எல்லாத்தையும் கூடவே தூக்கிக்கினு போறாங்க பாரு. யாரையும் கேக்க வேணாம்” என்றார்.

மதியம் நான்கு கல்லூரிப் பெண்கள் இரண்டு ஸ்கூட்டரில் வந்தார்கள். அவர்களைப் பார்ப்பது தனி இன்பம். ஒருத்தி வீட்டுக்கு வீடியோ கால் போடும்போது மற்ற மூவரும் கைபேசியை எந்தப் பக்கம் திருப்பினால் ஆண்கள் தெரியமாட்டார்கள் என்று கண்டுபிடித்துத் திருப்பினார்கள். பின்னணியில் எங்கள் கூடாரம்தான் விழுந்தது. மங்கி குல்லாவோடு அண்ணி. “பாருங்கம்மா, ஃபேமிலியா வந்திருக்காங்க” என்று அந்தப் பெண் சொன்னதும் அண்ணி கைபேசியைப் பார்த்துக் கையாட்டினார். நாங்கள் நான்கு வீட்டுக்கு நற்சான்றிதழ் ஆனோம்.

அவர்களை வேறொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்துக் கூடாரத்தில் கையில் கிளாஸோடு உட்கார்ந்திருந்த ஒருவர். அவர் பார்த்தது வேடிக்கை இல்லை. ஒரு பெண் எழுந்தால் கண் எழும், நடந்தால் கண் நடக்கும். நான்கு பேரும் பத்து நிமிடத்தில் சிரிப்பைக் குறைத்து, துப்பட்டாவை இழுத்து, நாற்காலிகளைத் திருப்பிப் போட்டார்கள்.

அண்ணி ஒன்றும் சொல்லாமல் எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், அந்த ஆளுக்கும் அந்தப் பெண்களுக்கும் நடுவே, அவர் பார்வை விழும் கோட்டில் போட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். கண் எடுக்காமல் பார்த்தார். 31 வருடம் சத்துணவுக் கூடத்தில், எவன் முட்டையை இரண்டாவது தடவை வாங்குகிறான் என்று கண்டுபிடித்த பார்வை. அந்த ஆள் ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தார். பிறகு கிளாஸை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் போய்விட்டார். பெண்களின் சிரிப்புச் சத்தம் மெதுவாகத் திரும்பி வந்தது.

நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே ஒன்றைச் சொன்னார். ஒரு தெருவைப் பாதுகாப்பாக வைத்திருப்பதில் போலீஸைவிட, ஜன்னலிலும் வாசலிலும் இருந்து தெருவைக் கவனிக்கும் சாதாரண மக்களின் கண்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்றார். நம் ஊரில் அந்தக் கண்களில் பாதியை ஜன்னல் சாத்தி உள்ளே வைத்துவிட்டு, தெரு பெண்களுக்குப் பாதுகாப்பில்லை என்கிறோம். வேடிக்கைக்கும் வெறிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அண்ணி சுலபமாகச் சொன்னார். “நம்ம பாக்குறது அவங்களுக்குத் தெரிஞ்சுட்டா சிரிச்சுடணும். சிரிக்க முடியலன்னா அது தப்பான பார்வ.”

அன்று மாலை காவலூர் போனோம். லீவுக்குச் சொன்ன காரணத்தை உண்மையாக்க வேண்டுமே! 1968லிருந்து அங்கே வானத்தைப் பார்க்கிறார்கள். 2.3 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986லிருந்து இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும்போது பார்த்துக்கொண்டிருந்த சில ஆய்வகங்களில் காவலூரும் ஒன்று. நட்சத்திரம் மறைவதற்கு முன்னும் பின்னும் கண்சிமிட்டியதைக் கவனித்துத்தான் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கண்சிமிட்டலைப் பிடிக்க இரவெல்லாம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அண்ணி இதைக் கேட்டுவிட்டு, “இதுக்குச் சம்பளம் குடுக்குறாங்களா?” என்றார். கொடுக்கிறார்கள். இந்த ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு 2019இல் அன்னபூரணி சுப்ரமணியம் இயக்குநரானார் என்று சொன்னேன். “ராத்திரியில பொம்பளங்களும் வந்து பாப்பாங்களா?” என்று கேட்டு, அண்ணாந்து வெகுநேரம் நின்றார்.

திரும்பி வந்தபோது தளத்தில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். ஒரு கட்டு விறகுக்குத் தனிக் காசு. சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சமையல்கூடத்து வாசலில் அங்கே வேலை செய்யும் அக்கா முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். பக்கத்துக் கிராமம். காலையிலிருந்து அவரைப் பலமுறை பார்த்திருந்தும், நான் அவருக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தட்டு எடுத்து வருபவர், தட்டு எடுத்துப் போகிறவர். அவ்வளவுதான் என் கண்ணில் பட்டிருக்கிறது. இரண்டு நாளாக வேடிக்கை பார்ப்பதாகப் பீற்றிக்கொண்டவள் நான்.

அண்ணி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் போனேன்.

“என்னம்மா பாக்குற?” என்றார் அண்ணி.

“உங்களத்தான்” என்று சிரித்தார் அந்த அக்கா. “சனிக்கெழம ஆனா எங்களுக்கு இதான் சினிமா. நாங்க வெறகு சொமந்துகினு வந்து அடுப்புல வெச்சா அது வேல. நீங்க காசு குடுத்து வெச்சு சுத்தி உக்காந்தா அது ஜாலி.”

பிறகு எங்கள் கூடாரத் தளத்தையே அவர் கண்ணால் பார்க்க வைத்தார். அவருக்கும் பெயர்கள் இருந்தன. பல் விளக்க மினரல் வாட்டர் பாட்டில் கேட்டவர், பலாமரத்தைப் பார்த்து இதில் எப்போது மாம்பழம் காய்க்கும் என்று கேட்டவர், சாமைச் சோறு கேட்டுவிட்டு இரண்டு வாயில் எழுந்து நூடுல்ஸ் கேட்டவர். “எங்களுக்கு என்னா பேரும்மா?” என்று அண்ணி கேட்டார். அந்த அக்கா கொஞ்சம் வெட்கப்பட்டுவிட்டு, “நாக்காலிக்காரங்க” என்றார்.

இந்த மலைப் பெண்களை வெளியுலகம் எப்போது பார்த்தது? 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அப்போது காமிராக்கள் மலையேறின. அழுத பெண்களின் முகங்கள் செய்தியாயின. அடுத்து 2024இல், புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, குழந்தை பெற்ற இரண்டு நாளில் தேர்வெழுதி, 23 வயதில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானபோது பார்த்தார்கள். கொண்டாட வேண்டிய வெற்றிதான் அது. ஆனால் ஒரு பெண் கண்ணில் படுவதற்கு ஒன்று அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழ வேண்டும், அல்லது பிரசவ வலி ஆறும் முன் சாதிக்க வேண்டும் என்றால் எப்படி? வேலை முடித்து, முட்டியைக் கட்டிக்கொண்டு, ஊரார் கூத்தைப் பார்த்துச் சிரிக்கும் பெண்ணை யாரும் படம் எடுப்பதில்லை. எடுக்கவும் வேண்டாம். அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருக்க ஒரு நாற்காலியும், அரைமணி நேரமும், கேள்வி கேட்காத சூழ்நிலையும் இருந்தால் போதும்.

அண்ணி எங்கள் நாற்காலிகளைக் கொண்டுவரச் சொன்னார். அந்த அக்கா உட்காரவில்லை. “ஓனர் பாத்தா நல்லா இருக்காது” என்றார். அண்ணி வற்புறுத்தவில்லை. நாற்காலிகளை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, மறுபடி படியிலேயே உட்கார்ந்தார். மூவரும் படியில் உட்கார்ந்து பார்த்தோம். ஸ்பீக்கரில் பாட்டு மாறியது. கூடாரம் கட்டிய மூவரில் ஒருவர் ஆட ஆரம்பித்தார். அந்த அக்கா சிரித்த சிரிப்பில் எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கொடிக்கயிறு கயிற்றை அவிழ்த்துச் சுற்றிக்கொண்டிருந்தார். கேரவன்காரர் கழுவிய பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெந்நீர் மாமா வாளியோடு அவர் பக்கத்தில் நின்று, என்ன பவுடர் போட்டால் எண்ணெய்ப் பிசுக்குப் போகும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எதற்காகக் கேட்டாரோ, தெரியாது. காதில் விழுந்தது அவ்வளவுதான்.

வாசலில் அதே பையன் நோட்டை நீட்டினான். கிளம்பும் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைப் புரட்டி எங்கள் வரியைத் தேடினார். ‘கோயில்’ என்று இருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே சத்துணவுப் பதிவேட்டில் எழுதிப் பழகிய குண்டு குண்டு எழுத்தில் ‘வேடிக்கை பார்க்க’ என்று எழுதினார்.

பையன் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

“சும்மாதாம்பா வந்தோம்” என்றார் அண்ணி. காரில் ஏறி, இந்த முறை கைப்பிடியைப் பிடிக்காமல், கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுக்கொண்டார்.